அந்தோணியாரிடம் வாங்கிய பிள்ளை

அநியாயம் நடந்தது என் அக்காவுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் ஊரில் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் அக்கா பெர்பெத்துவா பெற்ற பிள்ளையை, அவள் கண்முன்னால், அந்தோணியார் கோயில் முற்றத்தில் வைத்து, ஒரு பணக்காரர் ஐம்பத்தோராயிரம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார். போன வருஷம் ஜூன் பதின்மூன்றாம் தேதி. நல்ல உச்சி வெயில். பிள்ளைக்கு இரண்டு வயது.

இல்லை ஆன்ட்டி, கடத்தல் இல்லை. போலீஸ் எல்லாம் ஒன்றும் இல்லை. பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான், நேற்றுகூட என் செருப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். நீங்கள் என் மடியில் இருக்கிற ரொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள், நான் ஏலத்தில் ஆரம்பித்துவிட்டேன். இரண்டும் ஒன்றுதான். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, சொல்கிறேன். வழக்கமாக இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயரும், ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்ப்பார்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்தக் கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

எங்கள் ஊர் கடற்கரை. எல்லாரும் கத்தோலிக்கர்கள், எல்லாருக்கும் கடல்தான் பிழைப்பு. ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் கைவிட்டால், தாய் அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்வாள்: பிழைத்தால் உமக்கே விற்றுவிடுகிறேன், பிறகு என் சொந்த உழைப்புக் காசில் உம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். சொந்த உழைப்பு என்பது முக்கியம். புருஷன் காசு ஆகாது, கடன் காசு ஆகாது. பதின்மூன்றாம் திருவிழா அன்றைக்கு, காணிக்கையாக வந்த தேங்காய், கோழி, வாழைத்தார் எல்லாம் ஏலம் போனபிறகு, கடைசியாகப் பிள்ளையைச் சுரூபத்துக்கு, அதாவது அந்தோணியார் சிலைக்கு, முன்னால் மேஜைமேல் உட்கார வைப்பார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கிற மிக்கேல் உபதேசியார் கூப்பாடு போடுவார்: "அந்தோணியார் பிள்ளை! கேக்குறவங்க கேக்கலாம்!" தாய் ஒரு தொகை சொல்வாள். அவர் மூன்று தரம் சொல்வார். யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும், ஒருத்தர் இருமக்கூட மாட்டார். மூன்றாம் தரம் முடிந்ததும் தாய் காசைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அவ்வளவுதான்.

நான் பொருளியல் படிக்கிறேன், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. போட்டியே இல்லாத ஏலம் என்று வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இந்த வழக்கத்தில் நம்பிக்கை கிடையாது, அதை அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை எதற்கு விற்கணும், எதற்கு வாங்கணும்? பிறந்தபோது அக்கா பிள்ளை ரிஷோன் ஒன்றரைக் கிலோகூட இல்லை. இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான், அப்போதுதான் அக்கா அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள். பிழைக்க வைத்தது டாக்டரும் நர்சும் ஆக்சிஜனும். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, அவங்களுக்கும் நன்றி சொல்லியாச்சு" என்றாள். அவளிடம் வாதம் செய்ய முடியாது. அவள் பதில் சொல்ல மாட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் படிப்பதற்காக நின்றாள் என்று அம்மா சொல்வாள், எனக்கு அப்போது ஐந்து வயது, எனக்கு நினைவில்லை.

ஏலத்தில் கேட்பதற்கென்று ஆயிரத்து ஐநூறு ரூபாயை அவள் இறால் உரித்துச் சேர்த்தாள். பார்த்திருக்கிறீர்களா? ஐஸில் கிடக்கிற இறாலை நின்றுகொண்டே உரிக்கணும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய்ப் பிளந்திருக்கும். கூலி வீட்டுக்குப் போய்விடும், அதில் பத்து, இருபது என்று ஒதுக்கி ரிஷோனின் ஞானஸ்நான மெழுகுவர்த்தி வைத்திருந்த பெட்டியில் போட்டு வைத்தாள். திருவிழா எப்போதும் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் வரும். விசைப்படகு இரண்டு மாதம் கரையில் கிடக்கும், என் அத்தான் லசார் அதில் கூலிக்குப் போகிறவர், அவர் கையில் ஒரு ரூபாய் இருக்காது. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், யாருடைய காசு எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

இன்னொரு பக்கம் கிளமெண்ட் கொரைரா. எங்கள் ஊர்க்காரர்தான். முப்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். ஐஸ் பிளாண்ட், நாலு விசைப்படகு, கடற்கரைச் சாலையில் மாடி வீடு. கோயிலில் எந்த ஃபேனைப் பார்த்தாலும் இறக்கையில் அவர் பெயர் சுற்றும். அசனம் என்று ஊருக்கே போடுகிற விருந்துக்கு அரிசி அவர், கொடிமரத்துக்குப் பெயிண்ட் அவர். "ஆண்டவர் எனக்கு அள்ளிக் கொடுத்தாரு, நான் கிள்ளிக் கொடுக்கேன்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நல்ல சிரிப்புதான், அதை மறுக்கவில்லை. போன வருஷம்தான் முப்பது வருஷத்துக்கு அப்புறம் திருவிழா முழுக்க ஊரில் இருந்தார்.

அன்றைக்கு ஏற்கெனவே ஒரு தேங்காயை மூவாயிரத்துக்கு எடுத்திருந்தார். ஒரு சேவலை ஐயாயிரத்துக்கு. எடுத்த சேவலைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்து, மறுபடி ஏலத்துக்கு விட்டு, மறுபடி அவரே எடுத்தார். வெளியூரிலிருந்து வந்த கூட்டம் ஒவ்வொரு தடவையும் கை தட்டியது. அந்தச் சூட்டோடு ரிஷோனை மேஜையில் வைத்தார்கள். அக்கா, "ஆயிரத்து ஐநூறு" என்றாள். சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உபதேசியார், "ஒரு தரம்" என்றார்.

"ஐயாயிரம்!" என்றார் கிளமெண்ட் கொரைரா.

பிள்ளையும் தேங்காயும் ஒன்று என்று நினைத்துவிட்டார். அல்லது பணம் நிறைய இருக்கிறவருக்கு எல்லாம் தேங்காய் மாதிரிதான் தெரியும். ஊர்க்காரர்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பேரும் ஊமை மாதிரி நின்றார்கள். இதைத்தான் நான் கோழைத்தனம் என்கிறேன். அவர் படகில் வேலை செய்கிறவன், அவர் ஐஸை வாங்குகிறவன், அவர் கொடுத்த அரிசியைச் சாப்பிட உட்காரப் போகிறவன், யார் பேசுவான்? உபதேசியார் மட்டும் மேஜையை விட்டு நகர்ந்து, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் பக்கமாக நடந்தார், காதில் ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி. காதில் சொல்லி என்ன ஆகப் போகிறது? பணக்காரர்கள் காதில் மெதுவாகச் சொல்லிச் சொல்லித்தான் நாடு இந்த நிலைமையில் இருக்கிறது. நான் சத்தமாகச் சொன்னேன்.

"பத்தாயிரம்!"

என் பர்ஸில் முந்நூற்று நாற்பது ரூபாய் இருந்தது. அது வேறு விஷயம். ஒரு பெண் துணிந்து எதிர்த்துக் கேட்டால் அந்த மனிதருக்கு வெட்கம் வரும் என்று நினைத்தேன். கல்லூரியில் மூன்று வருஷம் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினவள் நான், எதிராளி எப்போது தடுமாறுவான் என்று எனக்குத் தெரியும். அவர் தடுமாறவில்லை. சந்தோஷப்பட்டார்! இரண்டு கையையும் தூக்கி, "பலே! நம்ம ஊர்ப் பிள்ளை துணிஞ்சது! இருபதாயிரம்!" என்றார். நான் இருபத்தைந்து என்றேன். அக்கா என் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பயந்துவிட்டாள் பாவம். நான் கையைத் தட்டிவிட்டேன், அவளுக்காகத்தானே பேசிக்கொண்டிருந்தேன். அவர், "அம்பத்தோராயிரம்! அந்தோணியாருக்கே மகிமை!" என்றார். வெளியூர்க் கூட்டம் விசில் அடித்தது. பேண்ட்காரர்கள் ஏலம் முடிந்தது என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் பாதி வழியில் நின்றார். அதற்கு அப்புறம் யார் போய் யார் காதில் என்ன சொல்ல முடியும்?

அவரே மேஜைக்கு வந்து ரிஷோனைத் தூக்கி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அக்காவிடம் நீட்டினார். "இந்தாம்மா, எடுத்துக்கோ. என் பரிசு." அக்கா முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். பிள்ளையை வாங்க இரண்டு கையும் வேண்டுமே. அந்தக் காசை மறுபடி முடிந்துகொண்டு, அப்புறம் வாங்கினாள். ஃபோட்டோ எடுத்தார்கள். அந்தப் படம் கோயில் அறிவிப்புப் பலகையில் மூன்று மாதம் இருந்தது, "தாராள மனம்" என்று மேலே எழுதியிருந்தார்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் மூடட்டுமா ஆன்ட்டி? மண் அடிக்கிறது.

அதிலிருந்து அக்கா அவனை "என் பிள்ளை" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டு, அழுது நிறுத்தவில்லை. சும்மா நின்றுபோனது. ரேஷன் கடையில் யாராவது, "ஒன் பிள்ளையா?" என்று கேட்டால், "மூணு நடக்கு" என்று வயதைச் சொல்வாள். குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், தூங்க வைப்பாள், எல்லாம் சரியாகச் செய்வாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவள் மாதிரி. நெற்றியில் முத்தம் கொடுக்க மாட்டாள். அக்டோபரில் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினவள் அப்படியே நின்று, அத்தானிடம், "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவமா?" என்று கேட்டாள். நானும் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்.

"யார்கிட்ட?" என்றேன்.

"கொரைரா ஐயாகிட்ட."

"எதுக்கு?"

"அவருதான எடுத்தாரு."

"ஒனக்கு மூளை இருக்கா? பிள்ளை ஒன் தோள்ல கெடக்கான். பெத்தது நீ. அது வெறும் சடங்கு, அக்கா. வாயால சொன்ன ரெண்டு வார்த்தை."

"நான் வேண்டினதும் வாயாலதான்" என்றாள்.

அத்தான் ஃபோன் போட்டார். கிளமெண்ட் கொரைரா தன் காரை அனுப்பினார், ஆஸ்பத்திரி பில்லையும் கட்டினார், சாயங்காலம் ஆப்பிளோடு வந்து, "எப்படி இருக்கான் என் மவன்?" என்றார். அப்படித்தான் கூப்பிடுவார், விளையாட்டாக. கிறிஸ்மஸுக்கு பேட்டரி கார் வந்தது. பொங்கலுக்குச் சட்டை. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிற செலவு தன்னுடையது என்று சொல்லி அனுப்பினார். அவர் கொடுக்கக் கொடுக்க என் அக்காவிடம் இருந்தது ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. இதுதான் பேராசை என்கிறேன் நான். பேராசை என்றால் பிறத்தியார் பொருளைப் பிடுங்குவது என்று மட்டும் நினைக்கிறார்கள். கொடுக்கிற சுகம் முழுக்க எனக்கே வேண்டும் என்கிறதும் பேராசைதான். அடுத்தவளுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுக்கிற சுகம்கூட மிச்சம் வைக்கக்கூடாது என்கிறது பேராசைதான். இதை நான் ஒரு கூட்டத்தில் பேசினேன், நல்ல வரவேற்பு.

ஆமாம், நான் சும்மா இருக்கவில்லை. பங்குத்தந்தை ததேயுஸ் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பணத்தை எப்படி ஃபாதர் வாங்கினீர்கள் என்று கேட்டேன். மருந்தகத்துக்குக் கூரை போட்டாயிற்று, ஆண்டவர் எந்தக் கையில் வந்த காசையும் நல்லதுக்குத் திருப்புவார் என்றார். ஏழை விதவை இரண்டு காசு போட்டபோது ஆண்டவர் காசைப் பார்க்கவில்லை ஃபாதர், போட்டவர்கள் வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார், நீங்கள்தானே பிரசங்கத்தில் சொல்வீர்கள் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஒங்க அக்காவக் கூட்டிட்டு வாம்மா, ஜெபிச்சு ஆசீர்வாதம் குடுத்துடுறேன், அந்தோணியார் இதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாரு" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அக்கா முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து, "அவரு எடுத்துக்க மாட்டாரு. நான் சொன்ன வார்த்த இருக்கே" என்றாள்.

கிளமெண்ட் கொரைராவுக்கு நாலு பக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செல்வம், திருச்சபை, கடற்கரையில் மூலதனம் எப்படி வந்தது, தர்மம் எப்படி அதிகாரமாக மாறுகிறது, எல்லாவற்றையும் எழுதினேன். என் பேராசிரியர் படித்துவிட்டு இதைக் கட்டுரையாக்கலாம் என்றார். கிளமெண்ட் கொரைரா பதிலுக்குக் கும்பிடுகிற கை இரண்டும் ஒரு ரோஜாப்பூவும் அனுப்பினார். அத்தான் என் ஃபோனில் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நாலு பக்கத்துல பெர்பெத்து பேரு ஒரு எடத்துலதான் வருது" என்றார். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் அக்கா ஃபோன் பண்ணினாள். அவளாகப் பண்ணுவது அபூர்வம்.

"டெல்பின், இந்த தடவ திருவிழாவுக்கு நீ வராத."

"ஏன்?"

"வராத பிள்ள. ரொட்டி எடுத்து வைக்கேன்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

வைத்துவிட்டாள். நான் பிறந்ததிலிருந்து ஒரு பதின்மூன்றாம் திருவிழா தவறினதில்லை. அம்மாவுக்குப் போட்டேன், அம்மாவும் முதலில் மழுப்பினாள், அப்புறம் சொன்னாள்.

அக்கா கிளமெண்ட் கொரைரா வீட்டுக்குப் போயிருக்கிறாள். தனியாக. இறால் கம்பெனியில் வேலை முடிந்ததும் நேராக, கைகூடச் சரியாகக் கழுவாமல். அத்தான் பின்னாலேயே போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அவர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். கிளமெண்ட் கொரைரா ஸ்கூல் ஃபீஸுக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துச் செக் புத்தகத்தை எடுத்தாராம். "காசு வேண்டாம் ஐயா. ஒரு காரியம் கேட்டு வந்தேன்" என்றாளாம் அக்கா.

"சொல்லும்மா. என்ன வேணும்னாலும்."

"திருவிழா அன்னைக்கி பிள்ளைய நீங்க கொண்டுபோய் அந்தோணியார்கிட்ட வைக்கணும். நீங்க எடுத்த பிள்ளை, நீங்கதான் வைக்கணும். நான் கேட்டு வாங்குவேன். நான் கேக்கும்போது நீங்க சும்மா நிக்கணும்."

"அவ்வளவுதானா? அதோட நான் ஏதாவது... ஒரு தங்கச் சங்கிலி மாதிரி பிள்ளைக்கு..."

"இல்லய்யா. சும்மா நிக்கணும்."

அந்த மனிதர் செக் புத்தகத்தை மூடி வைத்தாராம். அப்புறம், "அப்ப அன்னைக்கி நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டாராம். ஒரு வருஷமாக ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை ஆன்ட்டி! ஃபாதர் சொல்லவில்லை, உபதேசியார் சொல்லவில்லை. நான் நாலு பக்கம் எழுதினேன், அதில்... சரி, அதில் அந்த விஷயம் நேராக இல்லை, அது வேறு தளத்தில் எழுதினது. அக்கா சொன்னாளாம். ஐஸ் தண்ணீரில் ஊறின அந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டிக்கொண்டது, பெட்டியில் காசு போட்டது, எல்லாம் சொன்னாளாம். அவர் வீட்டுக்காரி ஜூஸ் கொண்டுவந்து வைத்தது அப்படியே இருந்ததாம்.

என் கேள்வி இவ்வளவுதான். தப்புச் செய்தவரை வீடு தேடிப் போய்த் திருவிழாவுக்கு அழைக்கிறாள். நியாயம் கேட்டவளை வராதே என்கிறாள். அவருக்கு முன்னால் என்னை ஏன் ஒளித்து வைக்கணும்? நான் என்ன குற்றம் செய்தேன்?

போகவில்லை. ரோஷம்தான். ஜூன் பதின்மூன்று அன்றைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அம்மா அங்கிருந்து ஃபோன் பண்ணினாள், பின்னால் பேண்ட் சத்தம். அம்மா எப்போதும் ஒன்றைச் சொல்ல ஒன்பதைச் சொல்வாள். தேங்காய் இந்த வருஷம் நானூறுக்கு மேல் போகவில்லை, கொரைரா எதையும் கேட்கவில்லை, ஃபாதருக்கு முகம் வாடிவிட்டது என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அவரேதாம்ட்டி பிள்ளையத் தூக்கிட்டு வந்தாரு. இவன் அவரு கண்ணாடியப் புடுங்குதான். மேசையில உக்கார வச்சாரு. ஒங்க அக்கா, ஆயிரத்தி ஐநூறுன்னா. போன வருசத்து அதே நோட்டு, அவ அதத் தொடவே இல்லல்லா. உபதேசியாரு ஒரு தரம்னாரு. கொரைரா கைக்குட்டையச் சுருட்டி வாயில வச்சிக்கிட்டாரு ஏட்டி! சத்தியமா! வேர்த்து ஊத்துது மனுசனுக்கு. ரெண்டு தரம்னாரு. எவன் ஃபோனோ அடிச்சிச்சி, அவன் பொண்டாட்டி அவன் முதுகுலயே ஒண்ணு வச்சா. மூணு தரம். அவ்வளவுதான். பிள்ளையத் தூக்குனா பாரு, 'என் மவனே'ன்னா. அப்பத்தான் அழுதா. அவரும் அழுதாரு. சட்டை பூரா கண்ணீரு."

"அவர் எதுக்கு அழறார்?" என்று கேட்டேன்.

"அது தெரியல. நல்லா அழுதாரு" என்றாள் அம்மா.

ஊரில் இப்போது அவரைத்தான் பாராட்டுகிறார்கள். ஐம்பத்தோராயிரத்தைவிட இது பெரிய காணிக்கை என்று ஃபாதர் பிரசங்கமே வைத்துவிட்டாராம். சும்மா நின்றதற்குப் பாராட்டு! ஒரு வருஷம் அலைந்து, எழுதி, பேசி, சண்டை போட்டது நான். சரி, போகட்டும். பாராட்டுக்காகச் செய்யவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா திண்டு மாதிரி மடித்த சாக்கில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரிஷோன் அவள் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தை நெரித்தான். "எறங்குல, என் தங்கம், என் மவராசா, அம்மைக்கு மூச்சு முட்டுது" என்றாள். ஒரு வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி வாய் ஓயவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. குழம்பு வைத்தாள், முள் எடுத்து எனக்கும் அவனுக்கும் மாறி மாறி வைத்தாள். சாயங்காலம் இந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். மந்திரித்த ரொட்டி, அந்தோணியார் ரொட்டி, பிள்ளையை வாங்கின தாய் கையால் எல்லாருக்கும் கொடுக்கணும். எனக்குள்ளதைப் பத்து நாளாக டப்பாவில் வைத்திருந்திருக்கிறாள். கல் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கேட்டேன். கத்தவில்லை. நியாயமாக, ஒவ்வொன்றாகக் கேட்டேன். உனக்கு அநியாயம் செய்தவர் அவர். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் உனக்காக வாயைத் திறந்தவள் நான் ஒருத்தி. அவரை வரச் சொல்கிறாய், என்னை வராதே என்கிறாய். ஏன்?

அவள் ரிஷோனுக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலாம், நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ரொட்டியை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். சொன்னாள்:

"அன்னைக்கி ஊரே எனக்காக வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சி டெல்பின். ரெண்டு பேராலதான் முடியல. அவருகிட்டப் போயி சும்மா நில்லுங்கன்னு கேட்டேன், சரின்னாரு. ஒங்கிட்ட கேட்டா, ஏன்னு கேப்ப."